கடைசி ஆளின் மதிப்பெண்

எனக்குக் கணக்கு வரும். அதனால் வந்த வினை இது.

உதியன்குளங்கரை முக்கில் எனக்கு ஒரு கடை உண்டு. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். அதற்கு முன்னால் பதினோரு வருடம் பாறசாலையில் ஒரு பேரலல் காலேஜில் கணக்கு எடுத்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வந்து படிக்கிற டுடோரியல் அது. பிள்ளைகள் குறைந்து குறைந்து கடைசியில் அதை மூடிவிட்டார்கள். நான் கடை போட்டேன். கடை போட்டு இத்தனை வருடம் ஆகியும் ஊருக்கு நான் டீச்சர்தான். என்னைவிட மூத்தவர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைத்துக்கொள்வார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. விண்ணப்பம் போட வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள். "டீச்சரே, கிடைக்குமா?" எனக்கு எரிச்சலாக வரும். நானா இடம் கொடுக்கிறேன்? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அப்பன்மார்களின் முகம் ஒரு மாதிரி இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் நிற்கிறவர்கள், கையில் ரப்பர் பால் வெட்டுகிற கத்தியோடு வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து போனில் கேட்கிறவர்கள். தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. சரி, கணக்குத்தானே, பார்த்துச் சொல்லலாம் என்று ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

என் முறை எளிது. ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடுகிற சேர்க்கைப் பட்டியலை எடுப்பேன். முதல் ஆள் எவ்வளவு வாங்கினான் என்பது பத்திரிகைக்காரனுக்கு வேண்டியது. எனக்கு வேண்டியது கடைசி ஆள். எந்த மதிப்பெண்ணோடு கதவு சாத்தப்பட்டது என்பதுதான் விஷயம். மூன்று வருடத்துக் கடைசி ஆட்களின் மதிப்பெண்ணை வரிசையாக எழுதி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து, வந்து நிற்கிற பிள்ளையின் மதிப்பெண்ணை அதன் கீழே எழுதுவேன். மூன்று வருடம் கட்டாயம் வேண்டும். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போட முடியாது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள் நான்.

பார்த்து முடித்ததும் மூன்றில் ஒன்றைச் சொல்வேன். கிடைக்கும். பாக்கலாம். வேற இடமும் பாரு. நான்காவதாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. கிடைக்காது என்று சொல்வதில்லை. யாரோ ஒரு பிள்ளை அதைக் கேட்டுவிட்டு விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்டால் அந்தப் பழியை யார் சுமப்பது? இந்த மூன்று வார்த்தையும் பெரும்பாலும் பலித்தது. நெய்யாற்றின்கரையிலிருந்தும், அணைக்கட்டுப் பக்கம் கள்ளிக்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பொழியூர்க் கடற்கரையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். மகள் நாலு பாலித்தீன் கவருக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய சான்றிதழ்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வருகிற வழியில் உச்சக்கடையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கி எடுத்து வந்தார்களாம். மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால் கரையில் பல வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி இருக்கிற உறவுக்காரர் வீட்டில்தான் கொடுத்து வைப்பார்கள்.

"டீச்சரே, இவளுக்குத் தமிழ்நாட்டுல படிக்கணுமாம். எனக்க மச்சானுக்க மோளு போன வருசம் அங்க சேந்தா. இவளுக்கு அவளவிட மார்க்கு கூடுதலாக்கும்" என்றார் தகப்பன்.

அது ஒரு பெரிய பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அந்த வாசலில் ஊரெல்லாம் போய் நிற்கும், கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுவார்கள்.

"என்ன படிப்பு மக்கா?" என்று கேட்டேன்.

"கடல் பொறியியல் டீச்சர்" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "புலிமுட்டு கண்டிருக்கீங்களா? கடலுக்குள்ள நீளமா பாறையடுக்கிப் போடுவாங்களே. அது போட்டா ஒரு பக்கம் மண்ணு சேரும். மறுபக்கம் கரை போகும். அந்தப் பக்கம் மாமா வீட்டு முன்னால விளையாடுற அளவுக்கு மணல் கிடக்கு. எங்களுக்கு முன்னால கிடந்த ரோடு போச்சு, பின்ன ரெண்டு வீடு போச்சு. இனி எங்க வீடாக்கும். எங்க போட்டா யாருக்கும் போகாதுன்னு ஒரு கணக்கு உண்டாம். அது படிக்கணும்."

அவள் மாமா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். கடற்கரை வழியாக நடந்தால் கொஞ்ச தூரம்தான். அவர்களுக்கு ஒரே திருவிழா, ஒரே பேச்சு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அங்கும் இங்கும் போய் வருவார்கள். எனக்கும் அப்படித்தான். என் அம்மா களியக்காவிளையைத் தாண்டி ஒரு ஊர்க்காரி. எங்களுக்கு எல்லை என்பது பஸ்ஸின் நிறம் மாறுகிற இடம். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் தவறு அங்கேதான் விழுந்தது.

நோட்டைத் திறந்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் மூன்று வருடப் பட்டியல் என்னிடம் இருந்தது. மச்சான் மகள் எந்தப் பிரிவில் சேர்ந்தாளோ, அந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி ஆளைப் பார்த்தேன். இவள் அதற்கு மேலே பத்திரமாக நின்றாள். மாமன் மகளுக்கு எந்தப் பிரிவோ இவளுக்கும் அதுதானே என்று என் மனசு கேட்காமலே முடிவு செய்துவிட்டது. ஒரே குடும்பம், ஒரே சாதி, ஒரே சபை.

"கிடைக்கும்" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கவர்களை மறுபடியும் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

இன்னொரு சிக்கல் இருந்தது. இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு பிசிக்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் அது போகும். அந்தப் பல்கலைக்கழகத்திலோ, பட்டியல் போடுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை என்று. அதைக் கொடுக்காதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆக, ஒன்று கையில் இருக்கிற பிசிக்ஸ். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத கடல். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க வழியில்லை.

"அப்ப இத விடட்டா டீச்சரே?" என்று கேட்டார் தகப்பன்.

இப்படிக் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். அது உங்கள் விருப்பம் என்பேன். அன்றைக்கு, ஏனென்று தெரியவில்லை, "விடலாம்" என்று சொன்னேன்.

பிசிக்ஸில் சேர வேண்டிய கடைசி நாள் வந்தது. காலையிலேயே கடையில் கூட்டம். அதற்கு நடுவில் களியக்காவிளைப் பக்கத்து அம்மா ஒருத்தி, தன் மகளுக்காக அதே பல்கலைக்கழகத்தின் உறுதிமொழியைப் போட வந்தாள். அன்றுதான் அது திறந்திருந்தது, மூன்று நாள் அவகாசம். "டீச்சர், இருப்பிடச் சான்று ஒண்ணு கேக்குறானே, அது எதுக்கு? எங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காக விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். அங்கே ஒரு பத்தி. பிற மாநிலத்தில் வசிப்பவர்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் இடஒதுக்கீட்டில் வர மாட்டார்கள். அவர்களுக்குச் சில இடங்கள், தனிப் பட்டியல்.

பொழியூர் பிற மாநிலம்.

மாமன் மகளும் இவளும் ஒரே பலிபீடத்தின் முன்னால் முழங்கால் போடுகிறவர்கள்தான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இவள் வெளியூர்க்காரி. டெல்லியிலிருந்து வருகிறவளும் இவளும் ஒன்று. பிற மாநிலத்தவர் பட்டியலைத் தேடினேன். முந்தின வருடத்துப் பட்டியல் ஒன்றுதான் கிடைத்தது. கடைசி ஆளுக்கும் இவளுக்கும் ஒன்பது மதிப்பெண் வித்தியாசம். இவள் கீழே.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. கல்லூரியில் நாலு மணி வரைக்கும்தான் சேர்ப்பார்கள். அந்தப் பிள்ளையின் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அப்பனுடையது அணைந்து கிடந்தது. கடையில் நின்றவர்களைப் பார்த்து, "போயிட்டு வாறேன், எல்லாரும் வெளிய இறங்குங்க" என்றேன். சீசனில் ஷட்டரை இழுத்த டீச்சரைப் பார்த்து, "இதென்ன கூத்து" என்று ஒருத்தர் சத்தம் போட்டார். "கூத்துதான், நாளைக்கு வாங்க" என்று நானும் சத்தம் போட்டேன். களியக்காவிளை அம்மாவின் அச்சுத்தாள் பாதி வெளியே வந்தபடி இயந்திரத்திலேயே நின்றுவிட்டது.

ஸ்கூட்டரில் போகும்போது மழை. கண்ணாடி எல்லாம் தண்ணீர். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவள் செய்கிற வேலை. பதினோரு வருடம் கணக்கு எடுத்தாயாமே, கேள்வியை முழுசாக வாசிக்காமல் கணக்குப் போட்டால் எத்தனை மதிப்பெண் கொடுத்தாய் நீ? முட்டைதானே? உச்சக்கடையில் ஒரு ஆட்டோக்காரனோடு சண்டையும் போட்டேன். தப்பு என்னுடையது.

பொழியூரில் கடல் கலங்கிக் கிடந்தது. யாரும் வள்ளம் இறக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு முன்னால் அவரும் இன்னும் நாலைந்து பேரும் சாக்கில் மண் நிரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையும் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் எடுக்காததற்கு அதுதான் காரணம்.

"தெற்று பற்றிப்போச்சு" என்றேன். எங்கள் பக்கத்தில் தவறு நேர்ந்துவிட்டதை அப்படித்தான் சொல்வோம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். பிரிவைச் சொன்னேன், தனிப் பட்டியலைச் சொன்னேன், ஒன்பது மதிப்பெண்ணைச் சொன்னேன். தகப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எனக்கு மாமாவுக்க மோளுக்குள்ள லிஸ்ட் இல்லியா?" என்று கேட்டாள் பிள்ளை.

"இல்ல மக்கா. நீ இந்தப் பக்கம்."

"மண்ணு சேந்தது அந்தப் பக்கம். கரை போனதும் இந்தப் பக்கம்" என்றாள். பிறகு யோசித்தாள். மழையில் நனைந்தபடி நின்று யோசித்தாள். "டீச்சர், அந்தத் தனி லிஸ்டுக்க எத்தன வருசம் பாத்தீங்க?"

"ஒரு வருசம். அதுதான் உண்டு."

"ஒரு புள்ளிய வச்சுக் கோடு போடப்பிடாதுன்னு நிங்க சொல்லுவீங்களாமே. எங்க ட்யூஷன் சார் உங்ககிட்ட படிச்சவராக்கும். அவரு எப்பவும் சொல்லுவாரு."

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவள் சொன்னது சரி. ஒரு வருடத்துப் பட்டியலை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. சில இடங்களே இருக்கிற பட்டியலில் இரண்டு பேர் வராமல் போனாலே கடைசி ஆள் எங்கேயோ போய்விடுவான். நியாயமாக நான் சொல்ல வேண்டியது "பாக்கலாம்". ஆனால் பாக்கலாம் என்று சொல்லி, அவளும் உட்கார்ந்து பார்த்து, கடைசியில் இரண்டும் கையை விட்டுப் போனால்? ஒரு வருடம் வீட்டில் இருப்பாள். அடுத்த வருடம் யாராவது மாப்பிள்ளை கொண்டு வருவார்கள். என்னுடைய முதல் தவறு அவள் தலையில் விடிவதை நினைத்துப் பயந்துபோனேன். பயந்தவள் போடுகிற கணக்கு கணக்கே இல்லை. எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

"கிடைக்காது" என்றேன்.

அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. சத்தமாகவும் சொல்லிவிட்டேன். சாக்கு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர் ஒருக்கா கிடைக்கும்னு சொன்னீங்க. இப்ப கிடைக்காதுன்னு சொல்லுறீங்க."

"அதிகம் பேசாத பிள்ளே. நாலு மணிக்குள்ள போவணும். சட்டைய மாத்து."

அவள் அப்பனைப் பார்த்தாள். அப்பன் கடலைப் பார்த்தார். "டீச்சரு மழையில இம்புட்டு தூரம் வந்து சொல்லுறாங்களே மோளே. வெறுதே சொல்லுவாங்களா?" என்றார். அவள் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். அழவில்லை. முகத்தைக் கழுவாமல் வந்தாள், கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

என் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு உச்சக்கடைக்குப் போனேன். சொந்தக்காரர் வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் சாவி கேட்டு, அந்தச் சாவி சேராமல், கடைசியில் அந்த வீட்டு அம்மா ரேஷன் கடையிலிருந்து ஓடி வந்து திறந்து கொடுத்தாள். அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் நாலு கவருக்குள் சான்றிதழ். எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைப் பக்கம் பறந்தோம். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கல்லூரி ஆபீஸில் நுழைந்தோம். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் உடையிலிருந்து தரையில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். அசல் சான்றிதழ்களை வாங்கி அவர் ஒரு கோப்பில் வைத்துக் கட்டினார்.

வெளியே வந்து, "டீச்சர், அங்க உள்ள உறுதிமொழி?" என்று கேட்டாள்.

"இஞ்ச சேந்தாச்சே மக்கா. இனி எப்படி அது போடுறது? பொய்யாயிடுமே."

"ம்" என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போனாள்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். செய்த தவறை அன்றைக்கே திருத்திவிட்டேன், ஒரு பிள்ளையின் வருடத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்து சூடாகக் கட்டன்சாயா குடித்தேன். கணவரிடம் கதையை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது கதையில் மழை இன்னும் பலமாகப் பெய்தது.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. கடையில் ஆள் குறைவாக இருந்த ஒரு முற்பகல். நோட்டில் எழுதத்தானே திறந்தேன், வேறு எதற்கும் இல்லை. பிற மாநிலத்தவர் என்கிற பக்கம். கடல் பொறியியல். கடைசி ஆளின் மதிப்பெண் அந்தப் பொழியூர்ப் பிள்ளையினுடையதைவிட இரண்டு குறைவு.

தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். இணையம் கோளாறு என்று மோடத்தை அணைத்துப் போட்டேன். அதே எண்தான். மேலே நிற்க வேண்டியவர்கள் பலர் வேறெங்கோ போய்விட்டார்கள் போல. அந்தக் கடைசி இடத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு பையனின் பெயர் இருந்தது. அவன் மேல் எனக்கு ஏனோ கோபம் வந்தது. அவன் என்ன செய்தான் பாவம்.

தப்பான பிரிவை வைத்து நான் முதலில் சொன்னது பலித்திருக்கும். சரியான பிரிவை வைத்து நான் சொன்னதுதான் அவள் இடத்தைப் பறித்தது. நான் ஒன்றுமே சொல்லாமல் கடையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை இப்போது அங்கே பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பாள். மழையில் போய், சத்தம் போட்டு, வண்டியில் ஏற்றி, நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் நானே கொண்டுபோய்க் கெடுத்திருக்கிறேன்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் கல்லூரிக்குப் போகிற பஸ் எங்கள் முக்கு வழியாகத்தான் போகும். அந்த நேரத்தில் நான் கடைக்குள்ளே போய் எதையாவது அடுக்குவேன். ஒரு தடவை ஜன்னலோரம் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாளா தெரியாது. பொழியூரில் கடல் ஏறிவிட்டது என்று போனில் செய்தி வந்தால் எந்த வீடு என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவர்கள் வீடு அந்த வருடம் தப்பித்தது. அடுத்த வருடம் சமையலறைச் சுவர் விழுந்தது.

மூன்று வார்த்தைகளில் ஒன்று என் வாயிலிருந்து போனது. யார் வந்தாலும் "பாக்கலாம்", இல்லையென்றால் "வேற இடமும் பாரு". முதல் மதிப்பெண்காரி வந்து நின்றாலும் அதே பேச்சுதான். "டீச்சருக்குப் பழைய கை இல்ல" என்று எதிர்ச்சாரிச் சாயாக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படிதான் பேசினார்கள். விழட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நோட்டை விடவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பட்டியல் வெளியிட்டாலும், எந்தப் படிப்பாக இருந்தாலும், பிற மாநிலத்தவர் பக்கத்தில் கடைசி ஆளை எழுதி வைத்தேன். யாருக்காக என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இந்த வருடம், மழைக்கு முன்னால், அவள் வந்தாள். தனியாக வந்தாள். உயரமாகத் தெரிந்தாள். தோளில் ஒரு பை, அதற்குள் ஒரே ஒரு கெட்டிக் கோப்பு. சான்றிதழ்களை இப்போது அவளே கூடக் கொண்டு நடக்கிறாள்.

"சுகமா டீச்சர்?" என்றாள். "அதே இடத்துக்கு அப்ளை செய்யணும். எம்.எஸ்சி. கரையப் பற்றின படிப்பு அங்க அதுலயும் உண்டு. பிசிக்ஸ் படிச்சவங்க சேரலாம்."

கை தானாக மேசைக்கு அடியில் இருந்த நோட்டுக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சான்ஸ் பாக்கண்டாம் டீச்சர். அனுப்பித் தந்தாப் போதும்."

கையை எடுத்தேன். விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த நாள், மாநிலம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மாநிலத்தை அடித்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"மக்கா, அந்த வருசத்து லிஸ்ட்..."

"கண்டேன் டீச்சர். அன்னைக்கே கண்டேன். ரெண்டு மார்க்கு."

"எனக்கு மாப்புத் தா."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிங்க மழையில வந்தது எனக்கு ஓர்மை உண்டு" என்றாள். "எனக்கு நிங்கமேல கோவம் ஒரு வருசம் இருந்தது. பின்ன எனக்கமேல ஆச்சு. ஒரு புள்ளின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் வண்டியில ஏறினேன்னு."

கண் நிறைந்துவிட்டது. குனிந்து விசைப்பலகையைத் துடைத்தேன்.

கடைசிப் பக்கம் வந்தது. இந்த வருடம் உறுதிமொழியை விண்ணப்பத்தோடே வைத்திருந்தார்கள். நான் வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை, பட்டியல் வரும் வரை சேரவும் மாட்டேன். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

"உனக்க காலேஜ்ல எம்.எஸ்சி. தரமாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தந்தாங்க. நாளைக்குள்ள சேரணும். சேரல்லன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் நேரா இஞ்ச வாறேன்." பையின் வாரைச் சரி செய்துகொண்டாள். "அப்பாகிட்ட சொல்லியாச்சு. டீச்சருகிட்ட கேட்டியான்னு கேட்டாரு. இந்தத் தடவ யாருகிட்டயும் கேக்கல்லன்னு சொன்னேன்."

வேற இடமும் பாரு. அது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்குள் சேரலாம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது கிளம்பினால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாம், ஸ்கூட்டர் வாசலில்தான் நிற்கிறது. எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இத நான் போடட்டா டீச்சர்?" என்று கேட்டு, நான் நகர்வதற்கு முன்னாலேயே மேசைக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்தாள். கட்டத்துக்குள் டிக் விழுந்தது. அனுப்பும் பொத்தானையும் அவளே அழுத்தினாள். அச்சுத்தாளை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டு, "வாறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனாள்.

பட்டியல் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அந்தப் படிப்பில், பிற மாநிலத்தவர் பக்கத்தில், மூன்று வருடத்துக் கடைசி ஆட்கள் என் நோட்டில் வரிசையாக இருக்கிறார்கள். அவளுடைய மதிப்பெண்ணும் எனக்குத் தெரியும், நான்தானே அடித்தேன். அதன் கீழே எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அவள் போனதும் நோட்டை எடுத்துக் கடையில் பணப்பெட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தினமும் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். சாவி என் பையில்தான் கிடக்கிறது.